சிரட்டைக் கரி: துளையின் அளவையும் பாருங்கள்

"சிரட்டைக் கரியின் பரப்பு கிராமுக்கு 2000 சதுர மீற்றர். அயன் திரவத்தை (அறை வெப்பநிலையிலும் திரவமாக இருக்கும் உப்பு) ஊற்றினால் 3.5 வோல்ட் சுப்பர் கெப்பாசிற்றர் (அயன்களைக் கரியின் பரப்பில் சேர்த்து மின்னைச் சேமிக்கும் கலம்) தயார்" என்ற கூற்று பாதிதான் சரி. அந்தப் பரப்பு வழமையாக நைதரசனைக் கொண்டு அளப்பது. அதன் மூலக்கூறு ஏறத்தாழ 0.36 நானோமீற்றர், அயன் திரவத்திலுள்ள டிஎஃப்எஸ்ஐ போன்ற அயன்களோ நீளவாக்கில் 0.8க்குக் கிட்ட. அயன் நுழையாத துளை கணக்கில் மட்டும்தான் இருக்கும். கரியில் துளை உண்டாக்கச் சேர்க்கும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டைக் கூட்டினால் துளை அகலும், ஆனால் கரியின் அடர்த்தி விழும்.

பெரிய வில்லங்கம் ஈரம். கொழும்புக் காற்றில் திறந்துவைத்த மின்வாயைப் போட்டுக் கலத்தை மூடினால், 3.5 வோல்ட்டை எட்டுமுன்பே நீர் பகுபட்டு வாயு ஊதும். வெற்றிடத்தில் 120 பாகை செல்சியசில் இரவு முழுக்க உலர்த்தி, ஆகன் வாயு நிரப்பிய பெட்டிக்குள்ளேயே பூட்டுங்கள்.

அத்தோடு, ஒற்றை மின்வாய்க்குச் சொல்லும் கிராமுக்கு 160 பரட் (மின் கொள்ளளவின் அலகு), முழுக் கலத்துக்கு 40தான்: இரு மின்வாய்களும் தொடராக இணைவதால் கொள்ளளவு பாதியாகும், எடையோ இரட்டிக்கும்.