ஒரே பக்கத்தில் இருபது நிமிஷம்

ஞாயிற்றுக்கிழமை நானும் என் பாப்பாவும் படப்புத்தகம் பார்க்கிற வீடியோ ஒன்று போட்டேன். அந்த வீடியோவும் அதற்குக் கீழே நடந்த கூத்தும் எல்லோரும் பார்த்ததுதான். "இருபது நிமிஷமா ஒரே பக்கம், ஒரு வரிகூட வாசிக்கலை, குழந்தை என்னத்தக் கத்துக்கும்?" சரி, சொல்கிறேன்.

பாப்பாவுக்கு ரெண்டேகால் வயசு. இந்த வயசில் படப்புத்தகம் என்பது பேசுவதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். "ஆனை குளி" என்றாள். "ஆமா, ஆனை குளிக்குது, எங்க குளிக்குது?" என்றேன். "தண்ணி." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூலையில் மிளகளவு இருந்த ஒரு புள்ளியைத் தொட்டு, "காக்கா பாக்குது" என்றாள். ரெண்டு மாசமாக அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறேன், அங்கே ஒரு காக்கா இருப்பது எனக்கே தெரியாது. வரியை வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருந்தால் அந்த வாக்கியம் வந்திருக்குமா?

ஆராய்ச்சி இருக்கிறதா என்று கேட்ட அறிவாளிக்கு: இருக்கிறது. 1988இல் அமெரிக்காவில் வொயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு வெளியிட்டது. ரெண்டு வயசை ஒட்டிய குழந்தைகள். ஒரு பாதிப் பெற்றோர் வழக்கம்போல வாசித்தார்கள். மறுபாதி, கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். ஒரே மாசத்தில் இவர்களுடைய பிள்ளைகள் பேச்சுச் சோதனை ஒன்றில் மற்றப் பிள்ளைகளைவிட 8.5 மாசம் முன்னால் போய்விட்டார்கள். போதுமா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏது நேரம் என்பது நியாயமான கேள்வி. எனக்கும் இல்லைதான், அன்றைக்கு இட்லி மாவு பொங்கி வழிந்தது. 'காக்கா'வுக்குப் பதில் 'க்ரோ' சொல்லித்தரச் சொன்னவருக்குப் பதில் கிடையாது.

ஆனால் "படிக்காதவங்க வளர்ப்பு இப்படித்தான்" என்று ஒரு கமெண்ட் வந்ததே. என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே படம் முருகன் காலண்டர். அரிசி புடைத்துக்கொண்டே, "மயிலு மிதிக்குதே, பாம்புக்கு வலிக்காதாடி?" என்பாள். முறம் நிற்காது, ஆனால் நான் பதில் சொல்லும்வரை அடுத்த பேச்சும் வராது. வலிக்காது, அது செருப்புப் போடலையே என்று ஒருநாள் சொன்னேனாம், இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். நான் பேசக் கற்றுக்கொண்டது அந்தக் காலண்டருக்குக் கீழேதான்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அண்ணா. அம்மாவும் இப்போது ஃபேஸ்புக்கில் இருக்கிறாள், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிடுங்கள்.