காதுக்காக எடுக்கப்படும் மதியத் தொடர்

மதிய நேரத் தொடர்களைக் கேலி செய்வோர் தவறாமல் சொல்லும் குறை, ஒருத்தி கதவைத் திறந்து உள்ளே வருவதற்கே மூன்று நாள் ஆகிறது என்பதுதான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் எங்கள் ஆயாவின் வீட்டு வாசலில் வளர்ந்தவன் என்பதால், அந்த மெத்தனம் யாருக்காக என்பது எனக்குத் தெரியும்.

விடியுமுன் ஏலத்தில் கூடை மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டுத் திரும்பும் ஆயா, சாப்பிட்ட கையோடு அக்கம்பக்கத்துப் பெண்களுடன் இறால் உரிக்க அமர்வார். கண்ணும் கையும் இறாலில் இருக்கும். காது மட்டுமே தொடரில் இருக்கும். அப்படிக் கேட்பவருக்காகவே பாத்திரங்கள் வந்தவரின் பெயரையும் உறவையும் உரக்கச் சொல்கின்றன, நேற்று நடந்ததை இன்று வாய்விட்டு நினைக்கின்றன. வில்லிக்கு முன்னால் அவருடைய இசை வந்துவிடுகிறது. கன்னத்தில் விழும் ஓர் அறையை மூன்று முறை காட்டுவதுகூட, "எவ அடி வாங்குனா?" என்று ஆயா நிமிர்ந்து பார்ப்பதற்கான அவகாசம்தான்.

இவ்வடிவம் பிறந்ததே வானொலியில்தான். 1930களில் அமெரிக்காவில், பகலில் வீட்டு வேலை பார்க்கும் பெண்களுக்கான நாடகங்களைச் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தியதால் அவற்றுக்கு 'சோப் ஓபரா' என்று பெயர் வந்தது. 1937இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்', 1952இல் தொலைக்காட்சிக்கும் வந்து 2009 வரை ஓடியது.

நம்மிடையே பெயரெல்லாம் இரவுத் தொடர்களுக்குத்தான். 1999இல் தொடங்கிய 'சித்தி'யையும் 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யையும் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். சன் தொலைக்காட்சியில் 2014 முதல் 2022 வரை 2,000க்கும் மேற்பட்ட பகுதிகளாக மதியத்தில் ஓடிய 'சந்திரலேகா'வைப் பற்றி ஒரு பத்தி எழுதத்தான் ஆளில்லை. அதைக் கேட்டவர்கள் எழுதுகிறவர்கள் அல்லர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கிய பிறகு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. ஆனாலும் இறால் கூடை எந்த வாசலில் இறங்கியதோ அந்த வீட்டுப் பெட்டிதான் மதியத்தில் ஓடியது.

ஒருமுறை, ஆயா கேட்டுவந்த ஒரு தொடரில் 'இவருக்குப் பதில் இவர்' என்ற அறிவிப்போடு கதாநாயகியே மாறிவிட்டார். பின்னணிக் குரல் கொடுத்தவர் மாறவில்லை. ஒரு வாரம் கழித்து நான் சொல்லும்வரை ஆயாவுக்கு அது தெரியவே தெரியாது.