முதலில் போனைத் திருப்பிப் பாருங்கள்

அக்கா மகன் போன மாதம் கேட்டான். "மாமா, ஆப் எழுதக் கத்துக்கலாம்னு இருக்கேன். கோட்லின் படிக்கவா, ஃபிளட்டர் படிக்கவா?"

கோட்லின் ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழி, ஃபிளட்டர் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் சேர்த்து எழுத உதவும் கருவி. இது மாதிரிக் கேள்வியைப் பல வருடங்களாகப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஜாவாவா கோட்லினா என்றார்கள், அதற்கு முன்னால் ஆண்ட்ராய்டா ஐபோனா என்றார்கள். அவனுக்கு நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கேயும் எழுதி வைக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கும் யாருக்காவது உதவும்.

மொழி எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் நீ எழுதும் ஆப்பைப் போன் எப்போதெல்லாம் நிறுத்தும், எப்போதெல்லாம் அழிக்கும் என்பதை முதல் வாரத்திலேயே படித்துவிடு. பட்டன், நிறம், லிஸ்ட் எல்லாம் அப்புறம். நான் பார்த்த பாடங்களில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகச் சொல்லித் தருகின்றன. ஸ்கிரீன் வரைவதில் ஆரம்பித்து, ஆப் பிறந்து, நின்று, அழியும் கட்டங்களைச் சொல்லும் லைஃப்சைக்கிள் என்பதை எங்கோ பத்தாவது பாடத்தில், நாலு கட்டம் ஆறு அம்புக்குறி போட்ட படமாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாணவர்கள் அதை இன்டர்வியூவுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. காரணம், நானும் அப்படித்தான் படித்தேன். அதன் விலையை என் அப்பா கொடுத்தார்.

2016-ல் அப்பாவுக்காக ஒரு ஆப் எழுதினேன். நான் எழுதிய முதல் முழு ஆப் அதுதான். மாத்திரைப் பெயரையும் நேரத்தையும் போட்டு வைத்தால் அந்தந்த வேளைக்கு மணி அடிக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள்ளேயே போன் போல நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தேன், அழகாக வேலை செய்தது. அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அன்று இரவு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, மாத்திரை அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நாலு மாத்திரை சேர்த்துவிட்டார். ஐந்தாவதுக்காக அட்டையை எடுக்கத் திரும்பியபோது போனும் கூடவே சாய்ந்தது. ஸ்கிரீன் குறுக்காகத் திரும்பியது. லிஸ்ட் காலி. அவர் என்னைத் திட்டவில்லை. "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. ஆண்ட்ராய்டில் போனைத் திருப்பினால், நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்த ஸ்கிரீனை நடத்தும் ஆக்டிவிட்டியையே சிஸ்டம் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறது. குறுக்கு ஸ்கிரீனுக்கு நீங்கள் வேறு வடிவமைப்பு வைத்திருக்கலாம், அதை எடுத்துப் போட வேண்டும் அல்லவா, அதற்காக. நான் அந்த லிஸ்டை ஆக்டிவிட்டிக்குள் ஒரு வேரியபிளில், அதாவது மெமரியில் தற்காலிகமாக இருக்கும் ஒரு இடத்தில், வைத்திருந்தேன். ஆக்டிவிட்டி போனதும் கூடவே லிஸ்டும் போய்விட்டது.

கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே நாம் மூடும்வரை புரோகிராம் ஓடும் என்று நம்பியே எழுதிப் பழகியிருக்கிறோம். போனில் அப்படி இல்லை. இருக்கிற மெமரியையும் பேட்டரியையும் வைத்து எல்லா ஆப்பையும் சமாளிக்க வேண்டிய பொறுப்பு சிஸ்டத்துக்கு. ஒரு அழைப்பு வரும், எடுத்துப் பேசுவார், அப்படியே கேமராவைத் திறப்பார், அதற்குள் பின்னால் இருக்கும் உங்கள் ஆப்பின் புராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பையே, மெமரிக்காகச் சிஸ்டம் முடித்துவிடும். உங்களிடம் கேட்காது. ஐபோனிலும் இதே கதைதான். பின்னால் உறைந்து கிடக்கும் ஆப்பை ஒரு வார்த்தை சொல்லாமலே தூக்கிவிடும்.

அதனால் எந்தத் தகவலை எங்கே வைப்பது என்ற கேள்விதான் ஆப் எழுதுவதில் பாதி வேலை என்பேன். கையில் பிடித்திருப்பது, மேசை மேல் வைப்பது, பீரோவில் பூட்டி வைப்பது என்று யோசித்துப் பாருங்கள். ஆக்டிவிட்டிக்குள் இருக்கும் வேரியபிள் கையில் இருப்பது, போனைத் திருப்பினாலே நழுவிவிடும். வியூமாடல் என்பது ஸ்கிரீனுக்கான தகவலை ஆக்டிவிட்டிக்கு வெளியே வைக்கும் இடம், அது மேசை மாதிரி. திருப்பினால் தாங்கும், ஆனால் புராசஸ் போனால் அதுவும் போகும். பாதி தட்டிய பெயர் போன்ற சின்ன விஷயங்களைச் சிஸ்டத்திடமே ஒரு சின்னப் பொட்டலமாகக் கொடுத்து வைக்கலாம், திரும்பி வரும்போது தந்துவிடும். அப்பா சேர்த்த மாத்திரைகள் மாதிரியானவை அந்தந்த நிமிடமே டேட்டாபேஸுக்குள் போயிருக்க வேண்டும். பீரோ.

லிஸ்டைச் சரி செய்தேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி மணி அடிக்கவில்லை. மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அவர் மாத்திரையும் போடவில்லை. "அதான் அடிக்குமேன்னு இருந்துட்டேன்" என்றார். முந்தின நாள் மதியம் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்திருக்கிறது, மறுபடி போட்டிருக்கிறார். போன் அணைந்து எழுந்தால், ஆப்கள் சிஸ்டத்திடம் சொல்லி வைத்த அலாரங்கள் எல்லாம் அழிந்துவிடும். போன் எழுந்ததும் சிஸ்டம் ஒரு அறிவிப்பு அனுப்பும், அதைக் கேட்டு நம் ஆப்தான் எல்லா அலாரத்தையும் மறுபடி வைக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. எமுலேட்டருக்குத்தான் சார்ஜ் தீராதே.

அதைச் சரி செய்த பிறகும் சில நாட்கள் மணி தாமதமாக அடித்தது. போனை மேசையில் வைத்துவிட்டு யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்தால் ஆண்ட்ராய்டு அதைத் தூங்க வைக்கும். டோஸ் என்று பெயர், 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல் வந்தது. அந்த நேரத்தில் சாதாரண அலாரங்களைத் தள்ளிப்போட்டுவிடும். தூக்கத்திலும் அடிக்கும் வகை அலாரத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து, சரியான நேரத்துக்கு அலாரம் வைக்கவே தனி அனுமதி தேவை. பேட்டரி பற்றிய நியாயமான அக்கறைதான் இது, எனக்கு அதில் புகார் இல்லை. ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு இதை யாராவது முன்னாலேயே சொல்ல வேண்டாமா?

பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி 1996-ல் வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி தயாராகும் முன்பே சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் போகும் இடமெல்லாம் எடுத்துப் போனாராம். யாராவது நேரம் கேட்டால், தேதி குறிக்க வேண்டும் என்றால், கட்டையை எடுத்து அதில் எழுதுவது போலச் செய்து பார்ப்பார். ஒரு வரி கோட் கூட இல்லாமல் அவர் முதலில் படித்தது அந்தக் கருவி வாழப் போகும் கையையும் பையையும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கோட்லினா ஃபிளட்டரா என்பதற்கு வருகிறேன். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு இருந்தால் கோட்லின், ஐபோன் இருந்தால் ஸ்விஃப்ட். இது என் கட்சி. ஃபிளட்டர் நல்ல கருவிதான், ஒரே கோடில் இரண்டு போனுக்கும் எழுதலாம். ஆனால் அதில் உருவாகும் புது புராஜெக்டில், திருப்பும்போது ஆக்டிவிட்டியை அழிக்காதே என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். திருப்பினால் எதுவும் போகாது, நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். புராசஸே போகும் நாளில் அங்கேயும் எல்லாம் போகும், அன்றைக்கு ஏன் என்று தெரியாமல் முழிப்பீர்கள். அடியில் என்ன நடக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் ஃபிளட்டருக்குப் போங்கள். ஏஐ எழுதித் தரும் கோடுக்கும் இதையேதான் சொல்வேன். ஸ்கிரீனை ஒரு நிமிடத்தில் தந்துவிடும். போன் அணைந்து எழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் அதற்கும் பதில் தரும். கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும் அல்லவா?

மருமகனிடம் ஒரு பழைய போனைக் கொடுத்தேன். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் "ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், ஒரு ஸ்கிரீனை விட்டு நகர்ந்த உடனே சிஸ்டம் அதை அழித்துவிடும். அந்தச் சுவிட்சைப் போட்டபடியே ஒரு மாதம் எழுது என்றேன். ஒரே ஒரு ஸ்கிரீன், குறிப்பு எழுதி வைக்கும் ஆப், போதும்.

முதல் நாளே போன் செய்தான். "தட்டினதெல்லாம் போயிடுது மாமா." ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் வரையும் கருவியான கம்போஸில் ரிமெம்பர் என்று எழுதியிருந்தான், அது கையில் பிடித்திருப்பது. அதையே ரிமெம்பர்சேவபிள் என்று அவனாகவே தேடிப் பிடித்து மாற்றினான், அது சிஸ்டத்திடம் கொடுத்து வைக்கும் பொட்டலம். நேற்று ராத்திரி ஒரு வீடியோ அனுப்பினான். தட்டுகிறான், போனைத் திருப்புகிறான், வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பி வருகிறான், எழுதியது அப்படியே இருக்கிறது. கர்சர் மட்டும் முதல் எழுத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறதாம், அது ஏன் என்று கேட்டிருக்கிறான். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.