மண்ணடியைப் பினாங்கு மாதிரி ஆக்கணுமாம்

சென்னையில் மண்ணடி, முத்தியால்பேட்டைப் பக்கத்துப் பழைய கட்டடம் ஒண்ணை யாராவது போட்டோ போட்டா போதும், கீழே ஒருத்தர் வந்துடறார்: "இதையெல்லாம் பினாங்கு மாதிரி ஆக்கலாமே சார்!"

மலேசியாவில் இருக்கற அந்தத் தீவோட நம்ம ஊரை ஒப்பிடறதுல தப்பில்லை. அங்கேயும் ஜார்ஜ் டவுன், இங்கேயும் ஜார்ஜ் டவுன். அது மூன்றாம் ஜார்ஜ் பேரு, இது ஐந்தாம் ஜார்ஜ் பேரு. ஆர்மீனியர் தெரு ரெண்டு ஊர்லயும் உண்டு (நம்மாளுங்க அதை அரண்மனைக்காரன் தெருவா ஆக்கிட்டாங்க, அது தனிக்கதை). 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியக்காலை பினாங்குக்குள்ள புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடிச்சது. ரஜூலா கப்பல் ஓடின காலத்தில் இங்கே ஏறினவங்க நாகப்பட்டினம் தொட்டுப் பினாங்கில் போய் இறங்கினாங்க.

ஆனா அந்த ஊர் உருவான விதமே வேற. தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவுல அடக்கமான கடல், கப்பல் நிக்க இயற்கையே கொடுத்த இடம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திறந்த கடல்ல மசூலாப் படகுதான் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது. அப்புறம் கடலுக்குள்ள துறைமுகச் சுவர் கட்டினாங்க. 1881 புயல் அதை உடைச்சது, திரும்பவும் கட்டினாங்க. அந்தச் சுவர் மணலைத் தடுத்ததால தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம், காசிமேடு கரையைக் கடல் தின்னுது. மெரினாவில் காத்து வாங்கறவங்க இதை எப்பவாவது நெனச்சுக்கணும்.

பினாங்குக்கும் ஒரு அழுக்குக் கதை உண்டு. 1786ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் அங்கே கொடி ஏத்தினப்போ, தீவுக்குச் சொந்தக்காரரான கெடா சுல்தான் எதிர்பார்த்தது எதிரி வந்தா கம்பெனி படை துணைக்கு வரும்னு. வரலை. 1791ல் தீவை மீட்கப் பார்த்துத் தோத்தார். கடைசியில் வருஷத்துக்கு 6,000 டாலர்னு கணக்கை முடிச்சுட்டாங்க. அந்த ஊரை ஊராக்கினது வந்து சேர்ந்த சனங்க. நம்ம கடற்கரையோரத்து முஸ்லிம் வியாபாரிகள் பேரில்தான் சூலியா தெரு. அவங்களோட தலைவர் காதர் மொய்தீன் 1801ல் தொடங்கினது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நாகூர் தர்கா ஒண்ணும் அங்கே இருக்கு. மகா மாரியம்மன் கோயில் 1833. இங்கிருந்து கைதிகளாப் போய் அங்கே ரோடு போட்ட இந்தியர்களும் உண்டு. 

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பினாங்கில் அந்தப் பழைய கடைவீடுகள் தப்பிச்சது யாரோட திட்டத்தாலயும் இல்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணும் சேர்ந்த ஆங்கிலேயக் குடியேற்றத்துக்குப் பினாங்குதான் தலைநகரமா இருந்தது, 1832ல் அது சிங்கப்பூருக்குப் போச்சு. 1969ல் சுங்க வரியில்லாத் துறைமுகம்கற அந்தஸ்தும் போச்சு. வியாபாரம் படுத்தது. அதோட 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன்னால கட்டின வீடுகளுக்கு வாடகையை ஏத்த விடலை. இடிச்சுக் கட்டினா லாபமில்லை, அதனால யாரும் இடிக்கலை. கீழே கடை, மேலே குடும்பம்னு தலைமுறையா இருந்தாங்க.

1999 கடைசியோட அந்தச் சட்டம் முடிஞ்சது. வாடகை எகிறிச்சு, குடியிருந்தவங்க கிளம்பினாங்க. யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல பேர் வந்தது அதுக்கப்புறம், 2008ல். பாரம்பரியம்னு பட்டம் கிடைச்ச நேரத்தில் அந்தப் பாரம்பரியத்தை நடத்தின குடும்பங்கள்ல நிறைய பேர் அங்கே இல்லை. பிறகு ஹோட்டல் வந்தது, காபி கடை வந்தது, சுவர் ஓவியத்துக்கு முன்னாடி செல்ஃபி வரிசையும் வந்தது. கட்டடம் அழகாத்தான் இருக்கு, மறுக்கலை.

நம்மூர்லயும் 1960 வாடகைச் சட்டம் போய், 2019ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தாச்சு. ஆண்டர்சன் தெருவில் பேப்பர் விக்கறவர், மண்ணடியில் இரும்புச் சாமான் கடை வச்சிருக்கறவர், மூணாவது மாடி ஒத்தை ரூம்ல நாலு பேராத் தங்கி லோடு ஏத்தற பசங்க, இவங்களுக்குப் புது வாடகை எவ்வளவு, யார் கொடுப்பாங்கன்னு பினாங்கு பினாங்குன்னு பேசறவங்க முதல்ல சொல்லட்டும். பெயிண்ட் கலரை அப்புறம் பேசலாம். ஒழுகற கூரைக்கும் அடைச்ச சாக்கடைக்கும் யுனெஸ்கோ வரணும்னு இல்லை, மாநகராட்சி வந்தாலே போதும்.