பணத்தை வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்

பழுதான பொருளை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போய் நின்றால், "நாங்கள் விற்பதோடு சரி, கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. பணத்தை எண்ணி வாங்கியது கம்பெனியா? பில்லில் இருப்பது யாருடைய பெயர்? விற்பனை என்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம். தயாரிப்பாளர் தரும் வாரண்டி அதற்கு மேல் கிடைக்கும் ஒரு கூடுதல் உறுதி மட்டுமே என்பது விற்பவர்களுக்குத் தெரியாததல்ல, தெரிந்தேதான் நம்மை அலைய விடுகிறார்கள்.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை முதல் 30 நாட்களுக்குள் விற்றவரிடமே ஒப்படைத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவரின் பொறுப்பு குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு நீள்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பில்லில் குறிப்பிட்ட காலத்திற்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடப்படவில்லையென்றால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. இவ்வளவு இருந்தும், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்த ஒரு வரியைச் சட்டத்திற்கும் மேலானதுபோல் நீட்டுகிறார்கள். நேரில் பார்த்து வாங்கிவிட்டு, நிறம் பிடிக்கவில்லை என்று வருபவரிடம் அந்த வரியைக் காட்டட்டும், அதில் ஒரு நியாயம் உண்டு. இயங்காத பொருளைக் கொண்டுவருபவரிடம் அதைக் காட்டுவது அப்பட்டமான ஏமாற்று.

எனக்குப் பொறுக்கவே முடியாதது, நம்மையே குற்றவாளியாக்கும் பேச்சுதான். "கீழே போட்டிருப்பீர்கள், தண்ணீர் பட்டிருக்கும்" என்று பொருளைத் திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறார்கள். உள்ளே என்ன கோளாறு என்று கண்டறியும் கருவியோ அறிவோ வாங்கியவரிடம் இருக்காது என்பதால்தான் சிங்கப்பூரின் நுகர்வோர் சட்டம், பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொண்டு, அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை விற்றவர் மீது சுமத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் காலம் குறைந்தது ஓராண்டு.

பழுது பார்த்துத் தருகிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டு, அதே கோளாறோடு திருப்பிக் கொடுத்து, மறுபடியும் கொண்டுவரச் சொல்லி நாட்களைக் கடத்துவதும், பணத்திற்குப் பதிலாக அங்கேயே செலவழிக்க வேண்டிய ஒரு கூப்பனைத் திணிப்பதும் இன்னும் கேவலமானவை. ஒருமுறை பழுது பார்த்தும் சரியாகவில்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்கவோ பொருளை நிராகரிக்கவோ பிரிட்டன் சட்டம் இடம் தருகிறது. மற்ற இடங்களில் நம் பொறுமை தீரும்வரை இழுத்தடிக்கிறார்கள்; வேலையையும் கூலியையும் விட்டுவிட்டு வந்து நிற்பவரின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இத்தனை துணிச்சலாக வாயால் மறுப்பவர்களிடம், அதே மறுப்பைத் தேதியும் காரணமும் குறிப்பிட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள். தயங்குவார்கள்; அந்தத் தாள் நுகர்வோர் ஆணையத்தின் முன் சான்றாக நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தர மறுத்தால் நாமே புகாரை எழுதி விரைவுத் தபாலில் அனுப்ப வேண்டும். இந்தியாவில் முறையிடுவதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது, பில்லை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.