பெண்பிள்ளைகளிடம் பேசியது போதும், தாய்மாமன்களிடம் பேசுவோம்

குழந்தைத் திருமண விழிப்புணர்வு என்றாலே பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து உறுதிமொழி எடுக்கவைக்கிறார்கள். அந்தப் பிள்ளையா போய் நாள் குறிக்கிறது? முடிவு செய்வது அப்பா, பெரியப்பா, தாய்மாமன். அவர்களில் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை.

அவர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்களும் இல்லை. எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளை பாட்டியோடு இருக்கும். யாரோ பையனோடு போனில் பேசியது தெரிந்தால் போதும், "மானம் போறதுக்குள்ள ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துடலாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பயத்தைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்?

சட்டத்தையும் பாதிதான் சொல்கிறோம். 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி மாப்பிள்ளைக்கு மட்டுமல்ல, நடத்திவைப்பவருக்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம் உண்டு. மண்டபக்காரரையும் கோயில் பூசாரியையும் கூப்பிட்டு இதைச் சொன்னால் பாதிக் கல்யாணம் அங்கேயே நிற்கும். சரி, நடந்து முடிந்துவிட்டால்? எல்லை தாண்டிய கர்நாடகத்தில் 2016 திருத்தத்துக்குப் பிறகு அப்படி நடக்கும் திருமணமே செல்லாது. இங்கே அந்தப் பெண்தான் நீதிமன்றத்தில் ரத்து கேட்க வேண்டும், அதுவும் 18 முடிந்து 2 ஆண்டு ஆவதற்குள். இதை அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18க்கு முன்பே கல்யாணமானவர்கள். மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். 16 வயதில் போனவளுக்குக் கையில் சர்டிஃபிகேட்டும் இல்லை, காசும் இல்லை. அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்தால் "அனுசரிச்சுப் போ" என்று அதே மாமன்தான் பஸ் ஏற்றிவிடுகிறார். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அவளை இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது என்று 2005 குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது. அந்த மாமனுக்கு இது தெரிந்திருந்தால் பஸ்ஸில் கூடவே போய்ப் பேசியிருப்பார்.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் போன் செய்தது என்று ஊருக்குள் கசிவது தனிக் கதை. அதை முதலில் அடைக்க வேண்டும்.

மே 1 கிராம சபையில் இதை எழுப்பப் போகிறேன். ரிசல்ட் வந்து பெண் கேட்டு வருவதற்கு முன்னால் அதுதான் சரியான நேரம். "ஆம்பளைங்க எழுந்து போயிடுவாங்க" என்று இப்போதே சிலர் சொல்கிறார்கள். போகட்டும், யார் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.