புயல் பக்கங்களுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

அட்லாண்டிக் பெருங்கடலில் ஒரு புயலுக்குப் பெயர் சூட்டிய கையோடு விக்கிப்பீடியாவில் அதைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறோம். அடுத்த சில நாட்களுக்கு அந்தப் பக்கத்தில் திருவிழாக் கூட்டம்தான். ஒருவர் காற்றின் வேகத்தை மாற்றுவார். அவர் சேமிப்பதற்குள் இன்னொருவர் மைய அழுத்தத்தை மாற்றியிருப்பார். மூன்றாமவர் தொகுப்பு முரண்பாடு என்ற அறிவிப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தட்டச்சு செய்வார். புயல் கரையைக் கடந்து வலுவிழந்ததும் கூட்டமும் கலைந்துவிடும். சில மாதங்கள் கழித்து அந்தப் புயலைப் பற்றிய முழுமையான அறிக்கை வெளிவரும்போது, பல பக்கங்களை எட்டிப் பார்க்கக்கூட ஆள் இருப்பதில்லை. இத்தகைய பக்கங்களில் பல புயல் பருவங்களாகத் தொகுத்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். கலைக்களஞ்சியத்தைப் பொறுத்தவரை வேலையின் பெரும்பகுதி புயல் போன பிறகே வருகிறது. நம்முடைய ஏற்பாடுகளோ புயல் அடிக்கும் வாரத்தை மட்டுமே மனத்தில் வைத்து அமைந்திருக்கின்றன.

அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் ஒரு புயல் உயிரோடு இருக்கும்வரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது உலகப் பொது நேரப்படி 3, 9, 15, 21 மணிகளில் அறிவிக்கை வெளியிடுகிறது. கரையோரத்துக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் இடையிடையேயும் அறிவிக்கைகள் வரும். அவற்றில் உள்ள எண்கள் அந்த நேரத்தில் கைவசம் இருக்கும் விமானத் தரவுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து அவசரத்தில் எடுக்கப்பட்ட மதிப்பீடுகள். மக்களைக் காப்பாற்றுவதற்கு அவை போதும். வரலாறு எழுதுவதற்குப் போதாது. இது அந்த மையத்துக்கும் தெரியும். அதனால்தான் புயல் ஓய்ந்த பிறகு எல்லாத் தரவுகளையும் மீண்டும் அலசி, ஒவ்வொரு புயலுக்கும் தனி அறிக்கை ஒன்றை வெளியிடுகிறார்கள். அந்த அறிக்கையில் எண்கள் மாறுவது வழக்கம். 2015இல் கிழக்குப் பசிபிக்கில் உருவான பட்ரிசியாவுக்கு, புயல் நடந்துகொண்டிருந்தபோது சொல்லப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 200 மைல். பின்னர் வந்த அறிக்கையில் அது 215 மைல் ஆனது. 1992இல் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ, காற்றின் வேகத்தை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கும் அளவுகோலில் நான்காம் வகைச் சூறாவளி என்றுதான் பத்து ஆண்டுகள் பதிவாகியிருந்தது; 2002இல் மறுஆய்வு செய்து ஐந்தாம் வகைக்கு உயர்த்தினார்கள். 2005ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு புயலே பட்டியலில் விடுபட்டுப் போயிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அசோர்ஸ் தீவுகள் அருகே சென்ற அந்தத் துணைவெப்பமண்டலப் புயல், பருவம் முடிந்த பிறகு நடந்த ஆய்வில்தான் அடையாளம் காணப்பட்டது. அதுவரை 27 என்று இருந்த எண்ணிக்கை 28 ஆனது. பெயரே வைக்காத ஒரு புயலுக்காக எத்தனை பட்டியல்களையும் வார்ப்புருக்களையும் (பல பக்கங்களில் ஒரேபோல் வந்து நிற்கும் பெட்டிகள்) திருத்த வேண்டியிருக்கும் என்பது தொகுப்பவர்களுக்குத்தான் தெரியும்.

காற்றின் வேகம் மாறுவதையாவது புள்ளிவிவர விவகாரம் என்று ஒதுக்கிவிடலாம். உயிரிழப்பு எண்ணிக்கையை அப்படி ஒதுக்க முடியாது. 2017இல் புவேர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்த மரியாவுக்கு அரசு நீண்ட நாட்கள் சொல்லிவந்த எண்ணிக்கை 64. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வின் அடிப்படையில் அரசே அதை 2,975 என்று ஏற்றுக்கொண்டது. இரண்டு எண்களும் ஒரே பொருளை எண்ணியவை அல்ல. முதலாவது, மரணச் சான்றிதழில் புயல் காரணமாகக் குறிக்கப்பட்டவர்களின் கணக்கு. இரண்டாவது, மின்சாரமும் மருத்துவமும் இல்லாமல் போன மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்களின் மதிப்பீடு. 2005இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரினாவில் இது எதிர்த்திசையில் நடந்தது. பல ஆண்டுகளாக எல்லோரும் மேற்கோள் காட்டிவந்த எண் 1,833. சூறாவளி மையம் 2023இல் தன் அறிக்கையைத் திருத்தி 1,392 என்று வெளியிட்டது. ஒரு புயல் நடந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு வரும் திருத்தத்தை, புயல் வாரத்தில் கூடிக் கலையும் கூட்டத்தை நம்பி எப்படிப் பிடிப்பது? கத்ரினா பக்கத்தைக் கவனிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள், அது தப்பித்துவிடும். ஆனால் கத்ரினாவின் எண்ணைப் போகிற போக்கில் ஒப்பீட்டுக்காக எடுத்தாண்ட மற்ற கட்டுரைகளையும் பட்டியல்களையும் யார் தேடிப் போவார்கள்?

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2017இல் டெக்சாஸைத் தாக்கிய ஹார்வியின் பக்கத்தில், முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் தகவல் பெட்டியில் உச்ச வேகம் மணிக்கு 130 மைல், 215 கிலோமீட்டர் என்று இருந்தது. 130 மைலைக் கணக்கிட்டுப் பார்த்தேன், 209 கிலோமீட்டர்தான் வந்தது. யாரோ கவனக்குறைவாக எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி 210 என்று திருத்திவிட்டேன். சற்று நேரத்தில் இன்னொரு பயனர் அதை மீளமைத்து, தொகுப்பவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் பொறுமையாக விளக்கம் எழுதியிருந்தார். மையம் வேகத்தை முதலில் குறிப்பது நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அலகில், அதுவும் ஐந்தின் மடங்காக. ஹார்விக்கு அது 115 நாட். அதை மைலுக்கு மாற்றினால் 132. ஐந்தின் மடங்காக்கும்போது 130 ஆகிறது. அதே 115 நாட்டைக் கிலோமீட்டருக்கு மாற்றினால் 213. ஐந்தின் மடங்காக்கும்போது 215 ஆகிறது. ஆகவே 130, 215 இரண்டுமே சரி. ஏற்கெனவே ஒருமுறை முழுமையாக்கிய எண்ணை எடுத்து மறுபடியும் மாற்றிய நான்தான் தவறு. இந்த விதி, புயல் கட்டுரைகளை எழுதும் குழுவின் திட்டப் பக்கத்தில் எழுதித்தான் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் புயல் நாளில் ஓடிவரும் புதியவர் யாரும் திட்டப் பக்கத்தைப் படித்துவிட்டு வருவதில்லை, நானும் படிக்கவில்லை. அந்தத் தகவல் பெட்டியின் மூலக்குறியிலேயே, எண்ணுக்குப் பக்கத்தில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத குறிப்பாக இரண்டு வரி இருந்திருந்தால் என் கை நின்றிருக்கும். இன்று நான் பொறுப்பேற்கும் பக்கங்களில் முதல் வேலையாக அந்தக் குறிப்பைத்தான் சேர்க்கிறேன்.

ஹார்வியிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. டெக்சாஸ் மக்களுக்கு அது கரையைக் கடந்தது ஆகஸ்ட் 25ஆம் தேதி இரவு. உலகப் பொது நேரப்படி அப்போது 26ஆம் தேதி பிறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வானிலை வரலாற்றுப் பகுதியை எழுதுபவர் 26 என்பார், பாதிப்புப் பகுதியை எழுதுபவர் செய்தித்தாளைப் பார்த்து 25 என்பார். இருவரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். எந்தப் பகுதியில் எந்த நேரம் என்று ஒரே ஒரு வரியில் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

மேற்குப் பசிபிக்குக்குப் போனால் சிக்கல் இன்னும் வளர்கிறது. 2013இல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய டைபூனுக்கு (அங்கே சூறாவளிக்கு வழங்கும் பெயர் இது) பன்னாட்டுப் பெயர் ஹையான், பிலிப்பைன்ஸ் வைத்த பெயர் யோலண்டா. ஜப்பான் வானிலை முகமை பத்து நிமிடச் சராசரியில் அதன் வேகத்தை மணிக்கு 230 கிலோமீட்டர் என்றது. அமெரிக்கக் கூட்டு டைபூன் எச்சரிக்கை மையம் ஒரு நிமிடச் சராசரியில் 315 என்றது. இந்தியப் பெருங்கடலின் வட பகுதிக்குப் பொறுப்பான இந்திய வானிலை ஆய்வுத் துறையோ மூன்று நிமிடச் சராசரியைப் பின்பற்றுகிறது. சராசரி எடுக்கும் கால அளவைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் எழுதி இரண்டு கடற்பரப்புகளின் புயல்களை ஒப்பிடும் வாக்கியம் எதுவானாலும் அதைத் தயங்காமல் நீக்கிவிடலாம் என்பது என் நிலைப்பாடு. பெரிய எண்ணைப் போட்டால் பக்கத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைப்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் வெப்பமண்டலப் புயல்களுக்கென்று ஒரு விக்கித்திட்டம், அதாவது தொகுப்பவர்கள் சேர்ந்து இயங்கும் குழு, 2005இல் உருவானது. அது செய்த நல்ல வேலைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். வானிலை வரலாறு, முன்னேற்பாடுகள், பாதிப்பு, பின்விளைவு என்ற வரிசை இன்று எந்தப் புயல் பக்கத்தைத் திறந்தாலும் இருக்கிறது. புயலின் பாதை வரைபடங்கள் எல்லாம் ஒரே பாணியில், வலிமைக்கேற்ற வண்ணப் புள்ளிகளோடு அமைகின்றன. பருவத்துக்கு ஒரு தாய்ப் பக்கம், அதன் கீழ் ஒவ்வொரு புயலுக்கும் ஒரு பத்தி, தேவையானால் தனிப் பக்கம் என்ற அமைப்பும் உறுதியானது. 2005 டிசம்பர் 30 அன்று உருவாகி 2006 ஜனவரி 6 வரை நீடித்த ஸீட்டாவை எந்த ஆண்டில் வைப்பது என்பது போன்ற கேள்விகளுக்கும், உருவான ஆண்டிலேயே என்று தடுமாற்றமில்லாத விடை கிடைத்தது.

இந்த அமைப்பில் எனக்கு இருக்கும் முதல் கருத்து வேறுபாடு, தனிப் பக்கங்களைப் பற்றியது. நடுக்கடலிலேயே பிறந்து நடுக்கடலிலேயே மறைந்த, ஒரு படகைக்கூடக் கவிழ்க்காத புயல்களுக்கும் நீளமான பக்கங்கள் இருக்கின்றன. அறிவிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக உரைநடையாக்கினால் ஒரு கட்டுரை கிடைத்துவிடும் என்பதுதான் இதற்குக் காரணம். மேகச் சுவர் சீரானது, வறண்ட காற்று நுழைந்தது, காற்றுவெட்டு கூடியது, வலுவிழந்தது என்று நான்கு பத்தி எழுதிவிடலாம். இதைப் பருவப் பக்கத்தில் ஒரே பத்தியாகச் சொன்னால் வாசகருக்கு எந்த இழப்பும் இல்லை. இவற்றை இணைக்க வேண்டும் என்று உரையாடல் பக்கத்தில் முன்மொழிந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. எழுதியவரின் உழைப்பை அவமதிக்கிறேன் என்றார்கள். பக்கத்தைத் தாய்ப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வழிமாற்றாக்கினாலும் பழைய வரலாறு அப்படியே இருக்கும், பத்தியின் சாரம் தாய்ப் பக்கத்துக்கு வந்துவிடும் என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னாளில் பராமரிப்பு என்ற கடன் ஏறுகிறது என்பதால்தான் நான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன். ஆயிரம் பக்கங்களை ஐம்பது பேர் காக்க முடியாது. நூறு பக்கங்களைக் காக்க முடியும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். மனித வரலாற்றில் பதிவான வெப்பமண்டலப் புயல்களில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்தது இல்லை. அதன் வானிலைப் போக்கைப் பற்றி எழுதுவதற்குக் கிடைக்கும் பொருள், ஆளில்லாத கடலில் மூன்று நாள் சுற்றிய இக்கால அட்லாண்டிக் புயல் ஒன்றுக்குக் கிடைப்பதில் சிறு பங்குகூடத் தேறாது. தொகுப்பவர்களின் மனக்கோணல் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. அமெரிக்க அரசு நிறுவனங்கள் வெளியிடும் படங்களும் அறிக்கைகளும் அந்நாட்டில் பொதுவுடைமை; யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். விமானங்கள் புயலுக்குள்ளேயே பறந்து அளக்கும் தரவும் பெரும்பாலும் அட்லாண்டிக்குக்குத்தான் இருக்கிறது. தடையில்லாமல் கிடைப்பதை எழுதுகிறோம், தேட வேண்டியதை விட்டுவிடுகிறோம். பழைய புயல்களுக்கு நூலகத்தில் உட்கார்ந்து அரசு ஆவணங்களையும் அக்கால நாளிதழ்களையும் புரட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஆறு மணி நேர அவசரம் கிடையாது, புயல் இல்லாத மாதங்கள்தான் அதற்கு உகந்தவை.

ஆகவே நான் முன்வைக்கும் ஏற்பாடு இப்படி இருக்கும். தனிப் பக்கம் கேட்பவர் எவரோ, அவரோ அவர் சம்மதத்துடன் வேறொருவரோ அந்தப் பக்கத்தின் பொறுப்பாளராகத் தம் பெயரை உரையாடல் பக்கத்தில் பதிய வேண்டும். பொறுப்பாளர் என்றால் உரிமையாளர் அல்ல. யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்பதில் மாற்றமில்லை. இறுதி அறிக்கை வந்ததும் எண்களை ஒத்துப்பார்த்து, பருவப் பக்கம், பட்டியல்கள், வார்ப்புருக்கள் எல்லாவற்றிலும் அதே எண் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் அவருடைய கடமை. அதுவரை தகவல் பெட்டியில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தத் தேதியின் மதிப்பீடு என்பது தெரிய வேண்டும். உயிரிழப்பு எண் என்றால் நேரடியா, மறைமுகமா, கூடுதல் இறப்பு மதிப்பீடா என்பதும் அங்கேயே தெரிய வேண்டும். பொறுப்பாளர் ஒதுங்கிவிட்டால் ஓராண்டு காத்திருந்து அந்தப் பக்கத்தைப் பருவப் பக்கத்தோடு இணைக்கலாம். பிறகு யாராவது முன்வந்தால் பிரித்துக்கொள்ளட்டும்.

புயல் நடக்கும் நாட்களில் ஊர் ஊராக எச்சரிக்கைப் பட்டியலை நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தையும் நிறுத்தலாம் என்பேன். அந்தப் பட்டியல் சில மணி நேரத்தில் பழையதாகிவிடும், அதை நம்பி ஒருவர் வீட்டிலேயே தங்கிவிட்டால் அந்தப் பழியை யார் சுமப்பது? வானிலை மையத்தின் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தால் போதும். பெருஞ்சேதம் விளைவித்த புயலின் பெயரை மறுபடியும் சூட்டாமல் விட்டுவிடுவார்கள்; இந்தப் பெயர் நிச்சயம் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று கரையைக் கடப்பதற்கு முன்பே எழுதுவதும் அப்படித்தான். பெயரை நீக்கும் முடிவை உலக வானிலை அமைப்பின் குழு பருவம் முடிந்த பிறகு கூடித்தான் எடுக்கிறது.

சென்ற வாரம் என் கவனிப்புப் பட்டியலில் இருந்த புயல் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மூன்றில் இறுதி அறிக்கையின் எண் இன்னும் ஏறவில்லை. ஒன்றில் தகவல் பெட்டி ஓர் எண்ணையும் கட்டுரையின் முதல் பத்தி வேறோர் எண்ணையும் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த நான்கையும் நானே எடுத்துக்கொண்டு, உரையாடல் பக்கங்களில் என் பயனர் பெயரைப் பதிந்திருக்கிறேன். நான்காவதில் எந்த எண் சரி என்பதை அறிக்கையைத் திறந்து இன்று இரவு பார்க்க வேண்டும்.